தலையில் பட்ட அடியும் விளையாடும் பிள்ளைகளும்

தலையில் அடிபட்டு விழுந்த பிள்ளை எழுந்து நின்றுவிட்டால், சுற்றி நிற்பவர்களுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. ‘ஒன்றுமில்லை, எழுந்துவிட்டான்’ என்கிறோம். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுகிறோம். இரத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம். வரவில்லையென்றால் மனம் முற்றும் ஆறிவிடுகிறது. நினைவின்றிக் கிடக்கும் பிள்ளையைப் பற்றி நான் எழுத வேண்டுவதில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓட யாரும் தயங்குவதில்லை. எழுந்து நின்று, சிரித்து, மறுபடியும் ஆடப் போகிறானே, அந்தப் பிள்ளையைப் பற்றியதே இக்கட்டுரை.

அவனுக்கு நேர்ந்திருக்கக் கூடியதை மருத்துவர்கள் ‘கன்கஷன்’ என்பர். தமிழில் மூளை அதிர்ச்சி என்று வழங்குகிறோம். மண்டை உடையாது, தோல் கிழியாது, படம் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆயினும் மூளையின் வேலை சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ தடுமாறி நிற்கும். நான் மருத்துவ மாணவன் அல்லன். விலங்கியல் முதுகலை பயில்பவன். நரம்புச் செல் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது என் பாடங்களுள் ஒன்று. ஆதலின் மருந்து எழுதிக் கொடுக்க முற்படவில்லை. தலைக்குள் நடப்பது யாது, அதனைக் கண்டுகொள்வது எப்படி, கண்டபின் என்ன செய்வது என்பனவற்றை, என் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு கூற விரும்புகிறேன்.

என் ஊர் கல்லாற்றுக்கு மேலே இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் கல்லாறு வரும். பெயரே பொருள் சொல்லும். உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடும் மலையாறு அது. வாமனபுரம் ஆற்றோடு சேர்வது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. என் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க இம்மலைக்கு வந்தவர். லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம்.

இத்தகைய ஊரில் தலையில் அடிபட வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. ஆற்றுப் பாறையில் பாசி. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள் செருப்போடு அதன்மேல் ஏறுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளோ சரிவான திடலில் கமுக மரத்தையே கோல் கம்பமாக நட்டுப் பந்தாடுகிறார்கள். கோடையில் கார்க் பந்தில் கிரிக்கெட். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் பந்தயம் பொன்முடியில் நடந்தது. பல நாட்டு இளைஞர்கள் முகம் மறைக்கும் தலைக்கவசத்தோடு சரிவில் பாய்ந்து இறங்கியதைக் கண்டபின், எங்கள் பையன்கள் பிரேக் தேய்ந்த சைக்கிளில், கவசம் ஏதும் இன்றி, அதே வித்தையைப் பழகத் தொடங்கிவிட்டார்கள்!

தலைக்குள் நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. இறுகிய பொருள் அன்று. இளநீர் வழுக்கை போல் மெத்தென்றிருப்பது. அதனைச் சுற்றிலும் நீர்மம் ஒன்று சூழ்ந்திருக்கிறது. அதற்கும் வெளியே மண்டை ஓடு. ஓர் இளநீர்க் காயைப் பலமாகச் சுழற்றி நிறுத்தினால் ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளிருப்பது மட்டும் அலைந்து அடங்கும். தலையும் அவ்வாறே. நேராகப் படும் அடியைவிடத் தலையைத் திருப்பிவிடும் அடி மிகக் கொடியது. பொன்முடிக்கு ஏறும் ஆனவண்டியில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு இது விளங்கும். வண்டி நேரே பிரேக் போட்டால் முன்னே சாய்கிறோம். வளைவில் திருகித் திரும்பினால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போகின்றன. மூளையிலும் அப்படித்தான் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்குகிறது. அப்போது அதனூடே ஓடும் நீண்ட நரம்பு இழைகள் இழுபடுகின்றன.

இங்கிருந்து கதை வேதியியலுக்கு மாறுகிறது. நரம்புச் செல்லின் உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. இந்த வேறுபாடே அதன் உயிர்நாடி. இழை இழுபட்டவுடன் செல்லுறையின் வாயில்கள் தாறுமாறாகத் திறந்துகொள்ள, பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன. இவற்றை மீண்டும் பழைய இடத்தில் சேர்க்கச் செல்லிலுள்ள இறைப்பான்கள் ஓயாது வேலை செய்ய வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். உள்ளே புகுந்த கால்சியமோ எரிபொருள் ஆக்கும் உலைகளைத் தடை செய்கிறது. அந்நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. வேலை இல்லாத மாதத்தில் கலியாணச் செலவு வந்த வீட்டைப்போல் ஆகிவிடுகிறது மூளையின் நிலை. செல் செத்துவிடவில்லை; கடனில் இருக்கிறது. கடன் தீரும் முன்பு இரண்டாவது அடி விழுந்தால்தான் விபரீதம்.

சி.டி. ஸ்கேனில் இது ஏன் தெரிவதில்லை என்பதும் இதனால் விளங்கும். அந்தக் கருவி எலும்பு முறிவையும் இரத்தக் கட்டையும் காட்டும். உப்புக் கணக்கைக் காட்டாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையை மறுநாளே திடலுக்கு அனுப்புவோர் நினைவில் கொள்ள வேண்டுவது இது. இரத்தக் கசிவு இல்லை என்பதே அதன் பொருள். அதிர்ச்சி இல்லை என்பதன்று.

சிறுவர்களுக்கு ஏன் கூடுதல் அச்சம்? ஆறு வயதுப் பிள்ளையின் தலை ஏறக்குறைய வளர்ந்தவன் தலையின் அளவை எட்டிவிடுகிறது. கழுத்துத் தசையோ வளரவில்லை. மெல்லிய தண்டில் பெரிய காய். தாங்கிப் பிடிக்க வலுவில்லாத கழுத்தில் தலை மிக வேகமாகச் சுழல்கிறது. குணமாகவும் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கு அதிக நாள் பிடிக்கிறது.

இனி, எழுந்து நடந்த ஒருவரின் வரலாறு. 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம். இந்தியாவுக்காக நான்கு டெஸ்டுகள் ஆடிய ராமன் லம்பா அபஹானி அணிக்காக, பேட்டருக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் வந்து நின்றார். ஓவரில் மூன்று பந்துகளே மீதி. அதற்கொரு தலைக்கவசம் எதற்கு என்று இருந்துவிட்டார். மெஹ்ராப் ஹொசைன் ஓங்கி அடித்த பந்து லம்பாவின் தலையில் பட்டுத் தெறித்தது. பின்னால் விக்கெட் கீப்பர் காலித் மசூத் அதைப் பிடித்தார். அவுட்! லம்பா எழுந்தார்; உடை மாற்றும் அறைக்கு நடந்தே போனார். சிறிது நேரத்துக்குப் பின் நினைவிழந்தார். மூளையில் இரத்தம் கட்டியிருந்தது. அறுவை செய்தும் பயனின்றி 23ஆம் தேதி உயிர் நீத்தார். அவருக்கு வயது 38.

2025 பிப்ரவரி 21. அகமதாபாத்தில் ரஞ்சிக் கோப்பை அரையிறுதி. கேரளம் எடுத்தது 457. குஜராத்தின் கடைசி ஜோடி 455ஐ எட்டிவிட்டது. நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி மேலே எழும்பி, தலைவர் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. பீல்டரின் கவசத்தில் பட்ட பந்தைப் பிடித்தாலும் அவுட் என்று விதி மாறியது 2017இல். அதற்கு முன்பானால் அது அவுட்டே அன்று. இரண்டு ஓட்ட முன்னிலையில் கேரளம் தன் வரலாற்றில் முதன்முறையாக ரஞ்சி இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. எங்கள் விடுதியே அதிர்ந்தது. மலையாளி, தமிழன் என்ற வேறுபாடின்றி யாவரும் கட்டிக்கொண்டு கூத்தாடினோம்.

இருபத்தேழு ஆண்டு இடைவெளியில், ஒரே இடத்தில் நின்ற இருவரின் தலையில் பட்டுப் பந்து பிறர் கைக்குப் போயிற்று. நடுவில் இருந்தது ஒரு தலைக்கவசம். பந்து எங்கே போயிற்று என்று பார்க்க ஆயிரம் பேர் உண்டு. பட்ட தலை என்ன ஆயிற்று என்று பார்க்க ஒருவராவது வேண்டும். பெரிய ஆட்டங்களில் அதற்கென மருத்துவர் இருக்கிறார். சரிவுத் திடலில் யார் இருக்கிறார்கள்?

லம்பாவுக்கு நேர்ந்தது வெறும் அதிர்ச்சி அன்று, இரத்தக் கட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. ஆயினும் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்பதே இடர்ப்பாடு. மண்டை ஓட்டுக்கு உட்புறமாக ஓடும் ஒரு நாளம் அறுந்தால் இரத்தம் சிறிது சிறிதாகச் சேரும். சேரும் வரையில் ஆள் பேசுவான், நடப்பான். மருத்துவ நூல்கள் இதனைத் தெளிவு இடைவேளை என்கின்றன. எவ்வளவு கொடிய தெளிவு!

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மண்டை உடையாமல் காக்கும். மூளை குலுங்காமல் காக்காது. கவசம் அணிந்திருந்தான், ஆகவே ஒன்றும் ஆகியிராது என்பது தவறு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தோரம் தாக்கியது. கவசம் இருந்தது. வெளியே சென்றார், சோதித்தார்கள், தேறினார், திரும்பி வந்து ஆடவும் ஆடினார். மறுநாள் காலையில்தான் குறிகள் தோன்றின. அதே ஆகஸ்டு முதல் நாளில் நடப்புக்கு வந்திருந்த விதிப்படி அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் ஆட்டத்தில் மூளை அதிர்ச்சிக்காக மாற்று ஆட்டக்காரர் வந்தது அதுவே முதன்முறை. திறமைமிக்க மருத்துவர்கள் உடனிருந்தும் முதல் நாள் பிடிபடாத ஒன்று, நம் கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் பிடிபடும் என்று எண்ணுவது பேதைமை.

ஆனால், எதைத் தேடுவது என்று தெரிந்தால் பெரும்பாலும் பிடிபடும். மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் நினைவிழப்போர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எனவே ‘மயங்கி விழவில்லையே’ என்ற சமாதானம் செல்லாது. விழுந்த இடத்திலேயே சில நொடி அசையாமல் கிடத்தல், எழுந்ததும் கால் பின்னுதல், வெறித்த பார்வை, கேட்டதற்குக் காலம் தாழ்த்தி விடை சொல்லுதல், கேட்டதையே மறுபடி கேட்டல், தன் அணி எந்தப் பக்கம் கோல் அடிக்க வேண்டும் என்பதை மறத்தல் இவை பக்கத்தில் இருப்போர் காண்பவை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறாமை, ‘என்னமோ போல இருக்கு’ என்ற உணர்வு இவை பிள்ளை சொன்னால்தான் தெரிபவை. இவற்றுள் ஒன்று இருந்தாலே போதும், ஐயம் கொள்ளலாம்.

நினைவைச் சோதிக்க ஆஸ்திரேலியக் காற்பந்தாட்டத்தில் பிறந்த கேள்விகள் உண்டு. பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்பதில் பயனில்லை. அவை அதிர்ச்சியிலும் தவறுவதில்லை. ‘இது எந்தத் திடல்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் போட்டது? போன வாரம் யாரோடு ஆடினோம்? ஜெயித்தோமா?’ என்று அண்மையில் நடந்ததைக் கேட்க வேண்டும். விடை தவறினால் ஆட்டம் முடிந்தது என்று கொள்க. விடை சரியாக இருந்தாலும் மற்றக் குறி ஒன்று இருந்தால் முடிவு அதுவே. அன்றைய தினம் அவன் மீண்டும் இறங்கலாகாது. இதில் பேரத்துக்கு இடமில்லை.

எங்கள் லயத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கோல் காத்தான். பந்துக்குப் பாய்ந்தபோது கமுகக் கம்பத்தில் தலை மோதியது. எழுந்துவிட்டான். யாரோ கடையிலிருந்து சோடா வாங்கி முகத்தில் அடித்துக் குடிக்கவும் கொடுத்தார்கள். ஆட்டம் முடியும் வரை நின்றான். வீட்டுக்குப் போகும் வழியில் ‘எத்தனை கோல்?’ என்று மூன்று முறை கேட்டதாக அவனுடைய அக்காள் பிறகு சொன்னாள். அடுத்த வாரங்களில் கணக்குப் பாடத்தில் பின்தங்கினான். கரும்பலகையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றான். சிறு சொல்லுக்கும் சீறினான். பள்ளியில் ‘மடி’ என்றார்கள். வீட்டில் கண் பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். குடும்பத்தில் ஒருவரேனும் அந்தக் கோல் கம்பத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தவர் வீடு வீடாக வரும் ஆஷா பணியாளர் ஒருவர்தான். அவர் சொல்லியே மருத்துவரிடம் போனார்கள். ஐந்து வாரத்தில் பையன் தேறினான். அதற்குள் அவன் மந்தப் பையன் என்ற பெயர் வகுப்பில் நிலைத்துவிட்டது. அது தேற ஓராண்டு ஆயிற்று.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய குறிகள் வேறு. நினைவிழத்தல், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் போகப் போக முற்றும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாதல், கை கால் ஒருபுறம் தளர்தல், பேச்சுக் குழறல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல், கடும் கழுத்துவலி. கைக்குழந்தையாயின் பால் குடிக்க மறுத்தலும் தேற்றவொண்ணாத அழுகையும். கழுத்து வலி இருந்தாலும் நினைவு இல்லாவிட்டாலும் தூக்கி நிறுத்தக் கூடாது. தலையையும் உடலையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொண்டு 108க்கு அழைக்க வேண்டும். ஆற்றில் விழுந்தவனானால் முதலில் முகம் நீருக்கு மேலே; மற்றவை பிறகு.

மலையில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. விதுராவில் தாலுகா மருத்துவமனை, நெடுமங்காட்டில் மாவட்ட மருத்துவமனை. மூளை அறுவை என்று வந்துவிட்டால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டும். பொன்முடியிலிருந்து அது ஏறக்குறைய 60 கிலோமீட்டர்; அதில் 22 வளைவுகள். இரவில் சாலையில் யானை நிற்கும். நகரத்துப் பிள்ளைக்குச் சொல்லும் ‘வீட்டில் வைத்துப் பாருங்கள், முற்றினால் வாருங்கள்’ என்ற அறிவுரை மேட்டில் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தாது. மாலை நான்கு மணிக்கு ஐயம் தோன்றினால், இருட்டும் முன்பே கல்லாறு வரையிலாவது இறங்கி, உறவினர் வீட்டில் தங்குவது நலம். ஒரு நாள் கூலி போகும். அதனை நான் அறியாதவன் அல்லன்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கவில்லை என்று சண்டையிடுவோரையும் கண்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அது வேண்டுவதில்லை. சிறு உடலுக்குக் கதிர்வீச்சு நல்லதன்று. 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 42,412 சிறுவர்களைப் பார்த்து, யாருக்கு ஸ்கேன் தேவை, யாரைச் சில மணி நேரம் கண்காணித்தால் போதும் என்று பிரித்துக் காட்டியது. பெரும் ஆபத்தான காயம் இருந்தது அவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே. ‘இங்கேயே நான்கு மணி நேரம் இருக்கட்டும்’ என்று மருத்துவர் கூறினால் அது அலட்சியம் அன்று. அதுவே சிகிச்சை முறை.

இப்போது நம் சங்கத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. தமிழ்த் தாய் ஒருத்தி மலையாள மருத்துவரிடம் நிற்கிறாள். ‘பிள்ளைக்கு மயக்கமா இருக்கு’ என்கிறாள். தலை சுற்றுகிறது, விழப் பார்க்கிறான் என்பது அவள் கருத்து. மலையாளத்தில் மயக்கம் என்பது கண்ணயர்தல், அரைத்தூக்கம். ‘தூக்கக் கலக்கம்தானே’ என்று கேட்பவர் எண்ணலாம். தலைசுற்றலுக்கு அங்கே தலகறக்கம் என்று பெயர். நம் ‘நினைவு இல்லை’யோ இரட்டை முகம் கொண்டது: உணர்வற்றுக் கிடந்தான் என்றும் பொருள்படும், நடந்தது ஞாபகமில்லை என்றும் பொருள்படும். மலையாளத்தில் முன்னது ‘போதம் போயி’, பின்னது ‘ஓர்மயில்ல’. தலையடியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மருத்துவருக்கு மிகவும் தேவையானது. ‘போதம் உண்டாயிருந்நோ?’ என்று அவர் கேட்க, ‘போதையா? சின்னப் பிள்ளைங்க, குடிக்கிற வழக்கம் இல்லைங்க’ என்று ஒரு தகப்பனார் பதறிச் சொன்னதை நானே கேட்டேன். வாந்தியைச் சர்த்தி என்று சொன்னால் விளங்கும்.

நினைவுச் சோதனைக்கும் இது பொருந்தும். வீட்டில் தமிழ் பேசும் ஆறு வயதுப் பிள்ளையிடம் மலையாளத்தில் விரைந்து கேட்டால் விடை தாமதிக்கத்தான் செய்யும். அது அதிர்ச்சியா, மொழியா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? ஆதலின் இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் செல்வது உபசாரம் அன்று. சோதனையின் ஒரு பகுதி. எத்தனை மணிக்கு, எதில் மோதியது, எழுந்தபின் என்ன பேசினான், எத்தனை முறை வாந்தி என்று நான்கு வரி எழுதி எடுத்துச் சென்றால் இன்னும் நன்று.

வீட்டு வைத்தியங்களில் சோடா பயனற்றது. ஆனால் கெடுதி இல்லை. வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்ப்பது கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம். உச்சியில் ராஸ்நாதிப் பொடி திமிர்ந்தால் மனத்துக்கு ஆறுதல், அவ்வளவே. வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோபன் வகைகள் இரத்தம் கசிவதைக் கூட்டக்கூடுமாகையால் தொடக்கத்தில் தவிர்க்கப்பட வேண்டியவை. ‘தூங்க விடாதே, தூங்கினால் போய்விடும்’ என்று இரவெல்லாம் பிள்ளையை அடித்து எழுப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. மருத்துவர் பார்த்து, ஆபத்துக் குறி ஒன்றும் இல்லை என்று அனுப்பிய பிள்ளை தூங்கலாம். மூளையின் கடன் தீர்வது தூக்கத்தில்தான்.

ஓய்வைப் பற்றிய கருத்தும் மாறிவிட்டது. முன்பு குறிகள் தீரும் வரை இருட்டறையில் கிடத்தினார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வு, ஐந்து நாள் கட்டாயமாகப் படுத்தவர்கள் ஓரிரு நாள் ஓய்வு கொண்டவர்களைவிட அதிகத் தொல்லைகளைச் சொன்னதாகக் காட்டியது. பல நாட்டு வல்லுநர்கள் 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடி ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம். அதன்பின் மெல்ல நடை. கைப்பேசிதான் முதல் இரண்டு நாள் அடங்கி இருக்க வேண்டும். 2021இல் வெளியான ஒரு சோதனையில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் நடுத்தரமாக மூன்றரை நாளில் தேறினர். தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாள் ஆயிற்று. படுக்க வைத்துக் கையில் கைப்பேசியைக் கொடுப்பதுதானே இன்று நாம் செய்யும் பணிவிடை!

முதலில் பள்ளி, பிறகே பந்து. பள்ளிக்கும் அரை நாளாகப் போகலாம். தேர்வைத் தள்ளி வைக்கக் கேட்கலாம். சன்னல் வெளிச்சம் படாத இடத்தில் உட்காரலாம். ஆசிரியருக்கு ஒரு கடிதம் இருந்தால் பிள்ளைக்கு ‘மடியன்’ பட்டம் தப்பும். ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படிகள் கொண்டது: அன்றாட வேலை, நடையும் மெல்லோட்டமும், தனியாகப் பந்துப் பழக்கம், மோதல் இல்லாத கூட்டுப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொல்லை கூடினால் நின்று, மறுநாள் தொடர வேண்டும். நான்காம் படிக்கு ஏறும் முன்பு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். மருத்துவர் அருகில் இல்லாத சிற்றூர் ஆட்டங்களுக்கென்று பிரிட்டன் 2023இல் வகுத்த நெறி இன்னும் எளியது: அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்கு முன் போட்டி கிடையாது. எங்கள் மலைக்குப் பொருத்தமானது இதுவே என்பது என் எண்ணம். நாட்காட்டியில் எண்ணிவிடலாம்; பையனின் பேச்சை நம்ப வேண்டுவதில்லை.

ஏனெனில் பையன் பொய் சொல்வான். நன்றாக ஆடுகிறவனாயின் நிச்சயம் சொல்வான். அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம் தலைவலியைவிடப் பெரிது. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் அந்நாட்டுக் காற்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டுச் சிறிது நேரம் வெளியே அமர்ந்தான். மறு பாதியில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சாய்ந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் பேசவும் நிற்கவும் மீண்டும் பல ஆண்டுகள் கற்க வேண்டியதாயிற்று. 2009இல் அம்மாநிலம் அவன் பெயரால் சட்டம் செய்தது. ஐயம் உள்ள சிறுவனை உடனே வெளியேற்ற வேண்டும்; தகுதியுள்ளவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப விடக்கூடாது. ஐந்தே ஆண்டில் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

எங்கள் திடலில் சட்டம் வருவதற்குக் காத்திருக்க முடியாது. ஓணக் காலத்தில் லயங்களுக்குள் பந்தயம் நடக்கும். அணிக்கு ஏழு பேர். மாற்று ஆள் கிடைப்பதே அரிது. பரிசு ஒரு வாழைக்குலையும் ஒரு கோப்பையும். அடிபட்டவன் வெளியேறினால் ஆறு பேரோடு ஆட வேண்டும் என்பதால்தான் அவனை உள்ளேயே நிறுத்துகிறார்கள். சென்ற முறை நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து ஒரு விதியைக் கேட்டுப் பெற்றோம். தலையில் அடிபட்டு ஒருவன் வெளியேறினால், முன்பே பெயர் கொடுக்காத எவனையும் அவ்வணி இறக்கிக்கொள்ளலாம். வெளியே அனுப்பும் உரிமை அணித் தலைவனுக்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. கோட்டோரம் நிற்கும் ஒருவருக்கு மட்டும். முதல் நாளிலேயே ஓர் அணி நல்லாள் ஒருவனை இறக்குவதற்காகப் பொய்யாகத் தலையைப் பிடித்துக்கொண்டது. 21 நாள் அவன் ஆடக்கூடாது என்று நாட்காட்டியில் குறித்தோம். அதன்பின் யாரும் பொய்யாகத் தலையைப் பிடிக்கவில்லை.